'காப்புரிமை பெற்றுச் சாதனை' என்று எழுதும் முன்

"திருநெல்வேலி அருகே தனியார் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் காப்புரிமை பெற்றுச் சாதனை படைத்துள்ளார். அவரைத் தாளாளர், செயலர், பதிவாளர், துறைத் தலைவர், பேராசிரியர்கள், அலுவலர்கள் வாழ்த்தினர்."

இந்த அச்சில் வார்த்த செய்தியை உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி பார்க்கலாம். கண்டுபிடித்தது என்ன, அது யாருக்கு உதவும், காப்புரிமை (பேட்டன்ட்) கிடைத்துவிட்டதா அல்லது மனுதான் போயிருக்கிறதா, எதுவும் தெரியாது. வாழ்த்தியவர்கள் பட்டியல் மட்டும் ஆள் விடாமல் இருக்கும்.

சின்ன தனியார் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் செய்தி எழுதுவதற்கென்று தனி ஆள் கிடையாது. தமிழ்த்துறையிலோ ஆங்கிலத்துறையிலோ ஓர் ஆசிரியர் தலையில் அந்த வேலை விழும். வகுப்பு முடிந்து, விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, துறைகளிலிருந்து வாட்ஸ்ஆப்பில் வந்த அரைகுறைத் தகவலை வைத்து எழுத வேண்டும். இந்தப் பதிவு முதலில் அவர்களுக்கு. பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று இந்தச் செய்திகளைப் படித்துப் பார்க்கும் பெற்றோருக்கும் பயன்படும்.

பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி 1878 இல் வந்தது, தூய சவேரியார் கல்லூரி 1923 இல். அவற்றின் பேரை மூன்று தலைமுறை அறியும். பத்து இருபது வருஷத்துக்கு முன் நாற்கர சாலையோரம் எழும்பிய ஒரு நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. தன்னைப் பற்றி அது சொல்வதை ஊர் நம்ப வேண்டும், அவ்வளவுதான் அதன் கைமுதல். அதனால் சின்ன நிறுவனம்தான் செய்தியில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நடப்பதோ நேர் எதிர். சின்ன வெற்றியை உள்ளபடி சொல்லக் கூச்சப்பட்டுப் பெரிதாக்கி, கடைசியில் உண்மையான வெற்றியையும் யாரும் நம்பாதபடி செய்துவிடுகிறார்கள்.

காப்புரிமையில்தான் தவறு அதிகம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970 இன் கீழ் ஒரு மனு மூன்று கட்டம் தாண்ட வேண்டும். முதலில் தாக்கல். பிறகு காப்புரிமை இதழில் வெளியீடு. அதன் பிறகு ஆய்வு, ஆட்சேபம், பதில், எல்லாம் சரியாக இருந்தால் வழங்கல். வெள்ளிக்கிழமைதோறும் வரும் அந்த இதழில், தாக்கலான மனு சாதாரணமாக 18 மாதம் கழித்துத் தானாக வெளியாகும். சீக்கிரம் வெளியிடக் கேட்டுப் படிவம் 9 கொடுத்தால் ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே வெளியாகிவிடும். கல்வி நிறுவனங்களுக்கு அதற்குக் கட்டணம் 2,500 ரூபாய். இந்த வெளியீட்டுக்கு முன் அந்தக் கண்டுபிடிப்பு புதிதா பழசா என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். மனு முறைப்படி இருந்தால் இதழில் வந்துவிடும். 'காப்புரிமை பெற்றார்' என்று வரும் செய்திகளில் பலவும் இந்த வெளியீட்டைத்தான் சொல்கின்றன.

ஆய்வுக்குத் தனியாகப் படிவம் 18 கொடுக்க வேண்டும். 2024 மார்ச் 15 முதல் தாக்கலான மனுக்களுக்கு அதன் கெடு 31 மாதம், அதற்கு முந்தியவற்றுக்கு 48 மாதம். கெடு தப்பினால் மனுவைத் திரும்பப் பெற்றதாகக் கணக்கு. செய்தி வந்து, பாராட்டு விழா நடந்து, பொன்னாடையும் போர்த்திய பிறகு படிவம் 18 ஐ யாரும் நினைக்காமல் செத்துப்போகும் மனுக்கள் உண்டு. வழங்கப்பட்டால் காப்புரிமைக்கு மனு எண் அல்லாமல் தனி எண் கிடைக்கும். தாக்கல் தேதியிலிருந்து 20 வருஷம் செல்லும், இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டி வர வேண்டும்.

துறையிலிருந்து வரும் தகவலில் மனு எண் இருந்தால் அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 12 இலக்கம் இருக்கும். முதல் 4 தாக்கலான வருஷம். ஐந்தாவது, எந்த அலுவலகம் என்பது: 1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை. ஆறாவது மனுவின் வகை, சாதாரண மனுவுக்கு 1. மீதி 6 இலக்கம் வரிசை எண். நம்ம பக்கத்து நிறுவனத்தின் மனு சென்னைக்குத்தான் போகும், ஆகவே 202441 என்று தொடங்கும் எண் 2024 இல் சென்னையில் போட்ட சாதாரண மனு. ஐந்தாவது இலக்கம் 1 அல்லது 2 என்றால், முதல் மனுதாரர் வேறு மாநிலத்தில் இருக்கிறார், நம் ஆசிரியர் எட்டுப் பத்துப் பேர் பட்டியலில் ஒருவர் என்று எடுத்துக்கொண்டு, மேலே கேளுங்கள். அந்த எண்ணைக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் போட்டால் மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை.

வடிவமைப்புப் பதிவு இன்னொரு குழி. அது 2000 ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. ஒரு பொருளின் தோற்றத்துக்கு மட்டும் 10 வருஷப் பாதுகாப்பு, கேட்டால் இன்னும் 5. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதில் உரிமை இல்லை. சான்றிதழில் அசோகச் சின்னம் இருப்பதால் அதையும் காப்புரிமை என்றே எழுதிவிடுகிறார்கள். 'இங்கிலாந்துக் காப்புரிமை' என்று வருவதும் பல வேளை அங்கத்திய வடிவமைப்புப் பதிவுதான். அங்கே பதிவுக்கு முன் புதுமை ஆய்வே கிடையாது. நேர்மையான வரி இப்படி இருக்கும்: "வாழைநார் பிரிக்கும் சிறு இயந்திரத்துக்கான காப்புரிமை மனு, காப்புரிமை இதழில் வெளியாகியுள்ளது. ஆய்வுக்கு விண்ணப்பித்துள்ளனர்." இதில் எந்தக் குறைவும் இல்லை. களக்காட்டு வாழை விவசாயி ஒருவர் அதைப் படித்துவிட்டு அந்த மெஷினைப் பார்க்க வரவும் கூடும். 'காப்புரிமை பெற்றுச் சாதனை' என்ற வரியைப் படித்து யாரும் வரப்போவதில்லை.

அடுத்தது பெயர். செய்தியில் வரும் மாணவியின் பெயர் அவளுக்கு ஆயுசுக்கும் வேண்டியது. நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப் போகும் கோப்பில் அந்தப் பத்திரிகைத் துண்டு இருக்கும். ஆங்கிலச் சான்றிதழைப் பார்த்துத் தமிழில் பெயர் எழுதும்போதுதான் பிழை நுழைகிறது, அதுவும் தலைப்பெழுத்தில். தகப்பனார் மாடசாமி என்றால் மா, முப்பிடாதி என்றால் மு, மீனாட்சிசுந்தரம் என்றால் மீ. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே எழுத்து. பேச்சிமுத்து, பரமசிவன், பொன்னையா மூவரும் அங்கே ஒன்றாகிவிடுவார்கள், தமிழில் பே, ப, பொ. சுடலைமுத்து மகளுக்கு 'எஸ்.' என்று போட்டால்கூடப் பரவாயில்லை, 'செ.' என்று போட்டால் ஊரில் வேறு வீட்டுப் பிள்ளை ஆகிவிடும். இசக்கியம்மாளை ஆங்கிலத்தில் ஒருவர் 'ஈ' எழுத்திலும் ஒருவர் 'ஐ' எழுத்திலும் தொடங்குவதால், அதைத் திருப்பித் தமிழாக்கும்போது 'எசக்கியம்மாள்' என்று அச்சாகிறது. வழி ஒன்றுதான்: மாணவியையே தன் பெயரைத் தமிழில் ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தகவல் படிவத்தில் 'பெயர், தமிழில், தலைப்பெழுத்தோடு' என்று ஒரு கட்டம் வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

ஊர்ப் பெயரும் சேருங்கள். 'மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி' என்பதோடு 'கடையம் அருகே இன்ன கிராமம்' என்று இருந்தால் அம்பை, தென்காசிப் பகுதி நிருபர்கள் அதைத் தங்கள் செய்தியாக எடுப்பார்கள். ஆனால் தெருப்பெயர், போன் நம்பர், பதிவு எண், பிறந்த தேதி எதுவும் வெளியே போகக் கூடாது. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் பல இடங்களில் தேர்வு முடிவுப் பக்கமே திறந்துவிடும். மதிப்பெண் பட்டியலைப் படம் பிடித்து அப்படியே போடுவது அதனால்தான் ஆபத்து.

விளையாட்டுச் செய்தியில் கட்டம்தான் எல்லாம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அதில் மண்டலம், மண்டலங்களுக்கு இடையிலானது, பிறகு பல்கலைக்கழக அணிக்கான தேர்வு, அந்த அணி ஆடும் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி, அதில் தகுதி பெற்றால் அகில இந்தியப் போட்டி. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பேரில் நடப்பவை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் மாணவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் அணிக்கு ஆடுகிறார். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் தன் சொந்த அணியையே நேரே தென்மண்டலத்துக்கு அனுப்பும். இரண்டு பாதையும் வேறு. 'தென்மண்டலப் போட்டிக்குத் தேர்வு' என்பதும் 'தென்மண்டலப் போட்டியில் மூன்றாமிடம்' என்பதும் வேறு. அணியில் இடம் பிடிப்பதே பெரிய விஷயம், அதை அப்படியே எழுதலாம். பாளை வ.உ.சி. மைதானத்திலும் அண்ணா விளையாட்டரங்கிலும் விடியற்காலையில் ஓடுகிற பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். செய்தியில் கட்டத்தை மாற்றி எழுதினால் முதலில் சங்கடப்படுவது அந்தப் பிள்ளைதான்.

ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்றால் நேரத்தையோ தூரத்தையோ போடுங்கள். 'தங்கம் வென்றார்' என்பதோடு எத்தனை விநாடி என்றும் இருந்தால் அடுத்த வருஷம் அதே மாணவர் எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்று சொல்ல அடுத்த செய்தி தயார். கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்கும் இது தேவை. பல்கலைக்கழகங்களுக்கு இடையில், மாநில, தேசிய அளவில் வாங்கிய பதக்கங்களைக் கேட்கும் இடத்தில் அணிப் போட்டி வெற்றியை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். 12 பேர் கபடி அணிக்கு 12 பதக்கம் என்று கணக்கு எழுதினால் சரிபார்ப்பில் அடிபடும். பங்கேற்புச் சான்றிதழும் கணக்கில் சேராது.

'தேசிய அளவிலான' என்ற அடைமொழியை நான் கூடியவரை வெட்டிவிடுவேன். ஒரு துறை நடத்தும் கருத்தரங்கின் அழைப்பிதழில் அப்படி அச்சடித்திருக்கும், வந்தவர்கள் நாகர்கோவிலிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் வந்தவர்களாக இருப்பார்கள். யார் நடத்தினார்கள், எத்தனை கல்லூரி, எத்தனை அணி என்று எழுதிவிட்டால் அளவு தானே தெரியும். ஒன்றிய அரசு மாணவர்களுக்கு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டியும் அப்படித்தான். 2017 இல் தொடங்கியது, அணிக்கு 6 பேர், அதில் ஒருவராவது பெண். கல்லூரிக்குள் நடக்கும் தேர்வுச் சுற்று ஒன்று, தேர்வானவர்கள் யோசனையைச் சமர்ப்பிப்பது அடுத்தது, அதில் சலித்தவர்கள்தான் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். உள்சுற்று வெற்றியை 'ஹேக்கத்தானில் வெற்றி' என்று எழுதக் கூடாது.

ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இதழின் பெயர், கட்டுரைத் தலைப்பு, டி.ஓ.ஐ. எண் (இணையத்தில் அந்தக் கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்). மூன்றும் இல்லாவிட்டால் செய்தி வேண்டாம். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரத்துக்குச் சாட்சி அல்ல, அது தொடர் வெளியீடுகளுக்குக் கொடுக்கும் 8 இலக்க அடையாளம் மட்டுமே. 'இம்பாக்ட் ஃபாக்டர் 7' (கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்) என்று தன் அட்டையில் தானே அச்சடித்துக்கொள்ளும் இதழ்கள் நிறைய. அந்த எண்ணைக் கிளாரிவேட் நிறுவனம் வருஷா வருஷம் வெளியிடும் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். 'ஸ்கோப்பஸ் இதழ்', அதாவது ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உள்ள இதழ் என்றால் கட்டுரை வந்த வருஷத்தில் அந்த இதழ் ஸ்கோப்பஸில் இருந்ததா என்று தேடிப் பார்க்க வேண்டும், தரம் கெட்ட இதழ்களை அவர்கள் இடையில் நீக்கிவிடுவது உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., ஏற்கத்தக்க இதழ்களுக்கென வைத்திருந்த தன் கேர் பட்டியலை 2025 இல் கைவிட்டுவிட்டது. ஆகவே அதற்குப் பிந்திய கட்டுரைக்கு 'யு.ஜி.சி. அங்கீகரித்த இதழ்' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. 'ஸ்டான்ஃபோர்டு 2 சதவீதப் பட்டியல்' என்பதும் விருது அல்ல. ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோப்பஸ் தரவிலிருந்து மேற்கோள் கணக்குப் போட்டு வெளியிடும் பட்டியல் அது. ஆயுள்கால அட்டவணை ஒன்று, ஒரே வருஷத்துக்கான அட்டவணை ஒன்று. எதில் பெயர் இருக்கிறது என்று எழுதுங்கள்.

வேலைவாய்ப்பு எண்களைப் பெற்றோர் மிகக் கவனமாகப் படிப்பார்கள், நாமும் அவ்வளவு கவனமாக எழுத வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. இறுதியாண்டில் 120 பேர். வளாகத் தேர்வுக்குப் பதிந்தவர்கள் 84. வேலை கிடைத்தவர்கள் 63. ஒருவருக்கே இரண்டு ஆணை வந்ததும் சேர்த்து மொத்த ஆணைகள் 80. இதை வைத்து '80 பேருக்கு வேலை' என்று எழுதினால் பொய். '75 சதவீதம்' என்றால் பதிந்தவர்களில். மொத்த மாணவர்களில் 52.5 சதவீதம். நான்கு எண்ணையும் ஒரே வரியில் கொடுத்துவிடலாம், இடம் ஒன்றும் அதிகம் பிடிக்காது. மேல்படிப்புக்குப் போனவர்கள், அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று மீதிப் பேரையும் சொன்னால் இன்னும் நல்லது. நம் பக்கத்தில் டி.என்.பி.எஸ்.சி.க்கும் வங்கித் தேர்வுக்கும் உட்காரும் பிள்ளைகள் கணிசம், அவர்களை 'வேலை கிடைக்காதவர்' கணக்கில் விடுவது நியாயமில்லை.

'அதிகபட்சச் சம்பளம் 12 லட்சம்' என்பது ஒரே ஒருவருக்கு வந்தது. நடு மதிப்பைக் கொடுங்கள்: எல்லோர் சம்பளத்தையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது. ஒன்றிய அரசு கல்வி நிறுவனங்களுக்குப் போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு அந்த எண்ணை எப்படியும் கொடுத்தாக வேண்டும். அங்கே கொடுத்த தரவை நிறுவனத்தின் இணையதளத்திலும் வைக்க வேண்டும் என்பதால், பெற்றோர் செய்தியையும் அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். இரண்டும் முரண்பட்டால் கெட்ட பேர் செய்தி எழுதியவருக்குத்தான். சி.டி.சி. (ஓர் ஊழியருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை) என்றால் அதில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு, சில இடங்களில் வேலைத்திறனைப் பார்த்துத் தரும் பகுதி எல்லாம் சேர்ந்திருக்கும், கைக்கு வருவது குறையும் என்று ஒரு வரி சேர்ப்பது மாணவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

நாக் தரத்தை எழுதும்போது எழுத்தோடு புள்ளியையும், எத்தனையாவது மதிப்பீட்டுச் சுற்று என்பதையும் சேருங்கள். 4 புள்ளிக்கு 3.51 முதல் ஏ பிளஸ் பிளஸ், 3.26 முதல் 3.50 வரை ஏ பிளஸ், 3.01 முதல் 3.25 வரை ஏ. சாதாரணமாக 5 வருஷம் செல்லும். கெடு முடிந்த தரம் பல இடங்களில் நுழைவாயில் வளைவில் அப்படியே நிற்கிறது, அதைச் செய்தியிலும் பார்த்து எழுதிவிடக் கூடாது. என்.ஐ.ஆர்.எஃப். இல் 101 முதல் 150 வரை என்பது ஒரு தொகுப்பு, அதற்குள் எண் கிடையாது, பெயர்கள் அகரவரிசையில் வரும். முதலில் இருப்பதைப் பார்த்து '101 ஆவது இடம்' என்று எழுதுவது தவறு. நிறுவனத்தின் பெயரிலும் ஒரு விஷயம் உண்டு. யு.ஜி.சி. சட்டம் 1956 இன் 3 ஆம் பிரிவில் தகுதி பெற்றது என்றால் 'நிகர்நிலைப் பல்கலைக்கழகம்' என்றே எழுத வேண்டும், வெறும் 'பல்கலைக்கழகம்' என்று எழுதக் கூடாது என்று 2017 இல் யு.ஜி.சி. அறிவுறுத்தியது.

புரிந்துணர்வு ஒப்பந்தச் செய்தி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையெழுத்தான அன்று இரண்டு வரி போதும். ஒப்பந்தத்தால் எத்தனை மாணவர் எங்கே பயிற்சிக்குப் போனார்கள் என்பதுதான் செய்தி, அது ஆறு மாதம் கழித்து வரும். கட்டணம் வாங்கிக்கொண்டு 'உலக சாதனை'ச் சான்று கொடுக்கும் அமைப்புகளையும், அங்கீகாரம் இல்லாத இடங்கள் கொடுக்கும் கௌரவ டாக்டர் பட்டங்களையும் செய்தியில் ஏற்றவே வேண்டாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. வெளியிடுகிறது, சந்தேகம் வந்தால் அங்கே பார்க்கலாம்.

துல்லியமான அறிவிப்பு எப்படி இருக்கும் என்பதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சிவகளை இரும்புக் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு அறிவித்தபோது, மாதிரிகளை ஆராய்ந்த ஆய்வகங்களின் பெயரும் கூடவே வந்தது: அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம். ஒப்புக்கொள்கிறவரும் கேள்வி கேட்கிறவரும் ஒரே தரவை முன்னால் வைத்துப் பேச முடிந்தது. ஒரு கல்லூரிச் செய்திக்கும் அதே அளவுகோல்தான்.

பத்திரிகைக் குறிப்பு 80 முதல் 120 சொல்லுக்குள் நிற்கட்டும். முதல் வாக்கியத்தில் யார், எதில், எந்த இடம் பெற்றார், எங்கே, எந்தத் தேதி. இரண்டாவதில் எத்தனை பேரில், யார் நடத்தியது. மூன்றாவதில் அந்த வேலையைப் பற்றி ஒரு விவரம். வாழ்த்தியவர்கள் கடைசி வரி, மூன்று பேருக்கு மேல் வேண்டாம். இடம் குறைந்தால் நாளிதழில் கீழிருந்துதான் வெட்டுவார்கள், வெட்டப்படுவது வாழ்த்தாக இருக்கட்டும். 'நேற்று', 'இன்று' எழுதாமல் தேதி எழுதுங்கள், செய்தி இரண்டு நாள் தள்ளிப் போனாலும் பிழை வராது. பிற்பகல் 3 மணிக்கு முன் அனுப்பினால் நிருபருக்குச் சந்தேகம் கேட்க நேரம் இருக்கும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் நடக்கும் நாளிலும் தேர்தல் முடிவு நாளிலும் அனுப்பாதீர்கள், பக்கத்தில் இடம் இருக்காது.

யூனிகோடில் அடியுங்கள். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், நிருபர் திருப்பி அடிக்க வேண்டி வரும், அப்போது பெயர் மாறும். எண்ணையும் பெயரையும் போனில் சொல்லாமல் எழுத்திலேயே அனுப்புங்கள்.

புகைப்படத்தில் இருபது பேர் வரிசையாக நின்றால் அச்சில் முகம் கடுகளவுதான் வரும். மாணவி, அவள் செய்த பொருள் அல்லது பதக்கம், கூட ஒருவர் அல்லது இருவர் போதும். லேமினேட் செய்த சான்றிதழும் கண்ணாடிக் கேடயமும் ஃபிளாஷில் வெள்ளைத் திட்டாகிவிடும். அவற்றைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது வராந்தாவின் பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் முழு அளவில் போகும். படக்குறிப்பை இடமிருந்து வலமாக எழுதுங்கள். நாக் கோப்புக்கு இடமும் தேதியும் பதிந்த படம் ஒன்று தனியாக வேண்டும், பத்திரிகைக்கு அந்த முத்திரை இல்லாத படம். ஒரே நிகழ்ச்சியில் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

இணையதளத்தில் செய்தியைப் படமாக ஏற்றாமல் எழுத்தாக ஏற்றுங்கள். படமாக ஏற்றினால் அதற்குள் இருக்கும் மாணவர் பெயர் தேடுபொறியில் கிடைப்பது அரிது. ஒவ்வொரு செய்திக்கும் சான்றிதழ் நகல், மாணவி கையால் எழுதிய பெயர், நடத்தியவர்களின் முடிவுப் பட்டியல், வெளிவந்த பத்திரிகைத் துண்டு ஆகிய நான்கையும் தேதியைப் பெயராக வைத்து ஒரே கோப்புறையில் போடுங்கள்.

தவறு வந்துவிட்டால் மூல வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகாதீர்கள். சரியான வரியை எழுதி, என்ன திருத்தினோம் என்று ஒரு வரியும் திருத்திய தேதியும் கீழே போடுங்கள். நாளிதழில் வந்த பெயர்ப் பிழைக்கு அன்றே நிருபரிடம் எழுத்தில் திருத்தம் கேளுங்கள். அது வராவிட்டால், நிறுவனத்தின் முகவரித் தாளில் சரியான பெயரோடு ஒரு சான்று அடித்து, பதிவாளர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, பத்திரிகைத் துண்டோடு சேர்த்துப் பின்னடித்து மாணவியிடம் கொடுத்துவிடுங்கள்.